கேக்குக்கு அடியில் இருந்த திருகு

ஆசைக்கு வெட்கம் ஏது? மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, தலை நரைக்கிற வயதில் ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை வந்துவிட்டது. புதிது வாங்க வக்கில்லை. இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய பழைய வண்டி ஒன்று கிடைத்தது. சிவப்பு நிறம், தரையோடு தரையாகக் கிடக்கும், இருவர்தான் உட்காரலாம். அதை வாங்க, வீட்டிலிருந்த சாதுவான காரை விற்றார். மனைவி கேக் செய்து விற்பவள், அந்தச் சாதுவான காரில்தான் கேக்குகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் விற்றார்.

முதல் நாள் சவாரியிலேயே, ரோட்டில் கிடந்த சின்னச் சின்னக் கல்லையெல்லாம் முதுகெலும்பு எண்ணிச் சொன்னது.

"ஏங்க, இதுல சீட்டுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல நேரா ரோட்டு மேலயே உட்கார வச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள் மனைவி. பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "கேக்கை இதுல ஏத்தினா, இறங்கும்போது தூளாத்தான் இறங்கும்."

"உன் கேக்குக்கு நான் பொறுப்பு," என்றார்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனார். அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்து, டிக்கிக்குள் விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கிக் காட்டினார். "முன்னாடி வச்சிருந்தவரு ரேஸ் பைத்தியம் போல. நாலு ஷாக் அப்சார்பரையும் ஒரேயடியா இறுக்கி வச்சிருக்காரு. தலையில திருகு இருக்கு பாருங்க. இடது பக்கம் திருப்பினா மெத்துன்னு போகும். வலது பக்கம் திருப்பினா இடுப்பு உங்களோடது இல்ல." முன்னால் இரண்டு, கம்பளத்துக்கு அடியில் இரண்டு. நான்கையும் மெக்கானிக்கே தளர்த்திவிட்டார். வீடு திரும்பும்போது வண்டி மெத்தை மேல் போவது போலப் போயிற்று.

மனைவிக்கு அதைவிட நல்ல சேதி காத்திருந்தது. ஊரின் பெரிய ஹோட்டலிலிருந்து மானேஜர் கூப்பிட்டிருந்தார். சனிக்கிழமை விருந்துக்கு மூன்றடுக்குக் கேக் ஒன்று. பிடித்துப்போனால் வாராவாரம் அவளிடமே வாங்குவார்கள். ஒரே சிக்கல், மண்டபத்தில் வைத்து அடுக்க நேரம் கிடையாது. அவளோ எப்போதும் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய், அங்கே வைத்துத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவாள். அது அவள் தொழில் ரகசியம், பிடிவாதம், எல்லாம்.

"வண்டி நெஜமாவே மெத்துன்னு ஆயிடுச்சா? சொல்லுங்க. அப்படின்னா வீட்லயே அடுக்கிடறேன்."

"கண்ணை மூடிட்டு அடுக்கு," என்றார் அவர். அப்போது அது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒரு சுற்றுப் போனார். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடி ஆடித் திரும்பியது. சீ, இதுக்கா ஆசைப்பட்டு வாங்கினோம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தினார். நான்கு திருகுகளையும் வலப்பக்கம் முழுக்கத் திருகினார். திரும்பும்போது வண்டி அம்பாகப் போனது. சனிக்கிழமைக்கு முன்னால் தளர்த்திவிடலாம், அதற்கென்ன?

வாரம் ஓடிற்று. திருகு மறந்தே போனது. சனிக்கிழமை காலையில் கீழே வந்தபோதுதான் சுரீர் என்றது. ஆனால் மனைவி அவருக்கு முன்பே வந்து, டிக்கிக் கம்பளத்தின் மேல் கேக்கை வைத்து, சுற்றிலும் துண்டுகளைச் செருகி, மூச்சுவிடப் பயந்து நின்றுகொண்டிருந்தாள். திருகைத் தொட வேண்டுமானால் கேக்கை இறக்க வேண்டும். இறக்கச் சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

மெதுவாக ஓட்டினால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவியைத் திருகினார்.

மெதுவாகத்தான் ஓட்டினார். பாலம் இறங்கியதும், குழாய்க்காகத் தோண்டி மூடியிருந்த இடத்தில் சக்கரம் விழுந்தது. ஒரே ஓர் அடி. பின்னால் மேலடுக்கு நழுவி, நடு அடுக்கின் பாதியைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்தது. ஹோட்டலில் மானேஜர் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், வேறு ஆளைக் கூப்பிடப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் அவள் அழவில்லை. "நீங்க எவ்வளவு மெதுவா ஓட்டினீங்க, பாவம். என் க்ரீம்தான் சரியா இறுகல," என்றாள். பாவம் என்ற அந்த ஒரு சொல் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்றது மனசு. வாயைத் திறந்தால்தானே!

நான்கு நாள் அந்த அடுப்படியில் க்ரீம் அடிக்கிற சத்தம் ஓயவில்லை. வெண்ணெயைக் கூட்டினாள், குறைத்தாள், கையில் எடுத்துப் பார்த்து வழித்துக் கொட்டினாள். "என் கை போயிடுச்சுங்க," என்றாள் ஒருமுறை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கீழே ஓடி, நான்கு திருகுகளையும் தளர்த்திவிட்டு நல்லவர் போல மேலே வந்தார்.

புதன்கிழமை அவள் மாற்றி அடித்த க்ரீமில் சின்னதாக மூன்றடுக்குச் செய்தாள். "அதே ரோடு, அதே வேகம்," என்றாள். போய் வந்தார்கள். கேக் அசையவில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"பாத்தீங்களா? க்ரீம்தான் தப்பு. மானேஜர்கிட்டச் சொல்லி மன்னிப்புக் கேட்டுடறேன்."

அவர் தடுப்பதற்குள் போன் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் மானேஜர் குரல் தணிவாகத்தான் வந்தது. "வழியில வண்டி குலுங்கிச்சாம்மா? அப்படின்னா விடுங்க, யாருக்கும் நடக்கறதுதான். இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

"இல்ல சார். வண்டி நல்ல வண்டி. இதுக்காகவே எங்க வீட்டுக்காரர் சரி பண்ணி வச்சிருந்தாரு. என் க்ரீம்லதான் கோளாறு."

"அடடா. கேக்கே சரியில்லன்னா நான் எப்படிம்மா..."

அவர் போனுக்கு மேல் குனிந்தார். "சார், வண்டிதான் சார். நான்தான் திருகை மறுபடி இறுக்கி வச்சேன். ஏத்தும்போதே எனக்குத் தெரியும். அவ கேக்குல ஒரு குறையும் இல்ல."

"சரி, வர்ற சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லுங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் மானேஜர்.

ஆர்டர் கிடைத்துவிட்டது. அவள் துள்ளவில்லை. வெண்ணெய் ஒட்டியிருந்த இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா இந்தக் கையைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்," என்றாள். "நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"