அக்கா ஏறினால் படகு இறங்கும்

பேச்சுப் பிடிக்கவில்லையென்றால் அக்கா பதில் சொல்ல மாட்டாள். எழுந்து போய்விடுவாள். அவளுடைய வாதமும் தீர்ப்பும் அதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பல் டாக்டர் "இனிப்பைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தபோது வாயில் பஞ்சோடு எழுந்து வந்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி அவளைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கையிலேயே, "இந்தாள் நிறுத்தமாட்டார் போல" என்று பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். விழா அவள் இல்லாமலே நல்லபடியாக நடந்து முடிந்தது.

தங்கை படகைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுவேதான்.

அவளுடைய ஜிப் மாற்றும் கடைக்கு எதிரே ஒரு விளம்பரப் பலகை இருந்தது. கால்வாயில் சாயங்காலப் படகுச் சவாரி, சாப்பாடும் குடிக்கிறதும் டிக்கெட்டிலேயே சேர்த்தி. யாரோ ஒருவரின் பயணப் பைக்கு ஜிப் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தவளுக்குச் சட்டென்று புத்தி வேலை செய்தது. சுற்றிலும் தண்ணீர். எழுந்தால் எங்கே போவாள்?

சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். தங்கை மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். புருஷன் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது, மாப்பிள்ளையோ லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்ட்டுக்குள் அவள் மாட்டிக்கொண்ட அன்று, கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவளுக்குப் பயம் தெரியாமலிருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தவர். ஆனால் அக்கா எழுந்து போன வீட்டில் அவளால் குடித்தனம் பண்ண முடியாது. அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தனக்கென்று ஒருத்தரைத் தேடிக்கொள்ளாதவள்.

அதனால் லிஃப்ட்காரரிடம் சொல்லிவைத்திருந்தாள்: "பாலம் தாண்டி ஒரு துறை இருக்கு. படகு அங்க நின்னுதான் திரும்பும். அதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருப்பேன். கை காட்டினா ஏறுங்க. காட்டலேன்னா பேசாம வீட்டுக்குப் போயிடுங்க."

அன்று பகலெல்லாம் மழை பெய்திருந்ததால் படகில் ஆளே இல்லை. அக்காவும் தங்கையும் ஒரு மேஜையில். இன்னொன்றில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி. வில் டை கட்டிய பரிமாறுகிறவர் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் வைத்துவிட்டுப் போனார்.

"சாப்பாடு எப்பங்க?" என்றாள் அக்கா.

"பாலம் தாண்டினதும்மா. கம்பெனி ரூல். பாலத்துக்கு இந்தப் பக்கம் குடிக்கிறது, அந்தப் பக்கம் சாப்பிடுறது."

அக்கா எலுமிச்சை ஜூஸை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி, என்ன சங்கதி?"

"சும்மாதான் அக்கா."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுறவ நீ. சும்மா டிக்கெட் எடுப்பியா? சொல்லு."

தங்கை மூச்சை இழுத்துப் பிடித்தாள். "அக்கா, நான் உன்கிட்ட..."

டங்.

கூரைக்கு மேலே ஏதோ இடித்தது. டம்ளர்கள் சறுக்கின. மேலிருந்து கேப்டன் தொப்பியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார்.

"பயப்படாதீங்க. மழைக்கு மதகைத் திறந்துவிட்டுட்டாங்க, தண்ணி ஏறிப்போச்சு. கூரை பாலத்துல தட்டுது."

"அப்ப திருப்புங்க" என்றான் புது மாப்பிள்ளை.

"திருப்புற இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு சார்."

"பின்னாலேயே போங்களேன்."

"பின்னால போற பழக்கம் இந்தப் படகுக்கு இல்லீங்க. கரையில ஏறி உக்காந்துக்கும். ஒரே வழி வெயிட் ஏத்தறதுதான். நாலு விரல் தண்ணிக்குள்ள இறங்கிட்டா நுழைஞ்சிடலாம்."

பரிமாறுகிறவருக்கு முகம் மலர்ந்தது. "அப்ப எல்லாருக்கும் இப்பவே சாப்பாடு போட்டுடவா? வயிறு நிறைஞ்சா வெயிட்டுதானே?"

"சாப்பாடு ஏற்கெனவே படகுலதானப்பா இருக்கு!"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தட்டுல இருக்கிற வெயிட்டும் வயித்துல இருக்கிற வெயிட்டும் ஒண்ணுங்கிறீங்களா?"

அதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆள் ஏத்தணும், அவ்வளவுதானே? தள்ளுங்க."

அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவள். ஊரில் எந்த பஸ்ஸிலும் இடமில்லாத நாளில் அவள் பஸ்ஸில் மட்டும் இடம் இருக்கும். ஓய்வு பெற்ற பின் அந்தக் குரலுக்கு வேலையில்லாமல் போனது. வீட்டில் பாத்திரங்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது படகின் விளிம்பில் நின்று கரையைப் பார்த்து அந்தக் குரலை எடுத்தாள்.

"வா வா வா! பாலம் தாண்டித் துறை! சாப்பாடு சேர்த்தி! சில்லறை வேண்டாம், ஆள் மட்டும் வா!"

கரையோரச் சலூனிலிருந்து சவரக்காரர் எட்டிப் பார்த்தார். சாப்பாடு என்றதும் கத்தியோடு வந்து ஏறினார். கத்தி போகும் இடத்துக்குத்தானே முகமும் போகவேண்டும் என்று, பாதி முகத்தில் நுரையோடு அவருடைய வாடிக்கையாளரும் பின்னாலேயே ஏறினார். ஒரே மாதிரித் தொப்பி போட்ட நடைப்பயிற்சிக் கோஷ்டி ஒன்று வந்தது. சோபாவைத் தூக்கிக்கொண்டு போன இரண்டு ஆட்கள் தயங்கி நின்றார்கள்.

"சோபாவோட வா! சோபாதான் முக்கியம்!"

"டெலிவரி இருக்கும்மா."

"பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே? தூக்கிட்டுப் போறதுக்கு உக்காந்துட்டுப் போ."

நியாயமாகப்பட்டது. சோபா ஏறியது.

"நடுவுல இடம் இருக்கு பாரு! தொப்பியெல்லாம் உள்ள போ! நுரைக்காரரே, கண்ணாடியில சாயாதீங்க!" அக்காவின் கன்னம் சிவந்து போயிருந்தது. இத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுநாளாயிற்று என்று தங்கைக்குத் தோன்றியது. இதுதான் சமயம் என்று முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்..."

"இருடி. வேலை நேரத்துல பேச்சு வேண்டாம்."

பரிமாறுகிறவர் மீனைத் துண்டாக்கிக்கொண்டே வேர்த்து விறுவிறுத்து வந்தார். "அம்மா, இவ்வளவு பேருக்குப் பங்கு போட்டா, மீன் எங்கேன்னு கேப்பாங்களே!"

"மீனைக் கேட்டா தண்ணியைக் காட்டுங்க."

படகு விரல் விரலாக இறங்கியது. கேப்டன் கூரைமேல் படுத்துக்கொண்டு இடைவெளியைக் கையால் அளந்தார். "இன்னும் அரை விரல்! நல்ல கனமா ஒரு ஆள் வந்தாப் போதும்!"

அக்கா கரையைத் துழாவினாள். படகு வரக் காணோமே என்று பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் தேடி வந்திருந்த ஒருவர், இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், கதவு மாதிரி அகலமாக நின்றுகொண்டிருந்தார்.

தங்கைக்கு உயிரே போய்விட்டது.

"ஓ நீலச் சட்டை! வாட்டசாட்டமா இருந்துகிட்டுச் சும்மா நிக்கிறீங்களே! வாங்க இப்படி!" என்று அக்கா பலமாகக் கை காட்டினாள்.

லிஃப்ட்காரர் அந்தக் கையைப் பார்த்தார். கை காட்டினால் ஏறவேண்டும் என்றுதான் பேச்சு. யார் கை என்று அவர்கள் பேசிவைத்திருக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக வந்து ஏறினார். படகு "அப்பாடா" என்பதுபோல் இறங்கிக்கொடுத்தது.

"அந்தச் சோபாவுல, என் தங்கச்சி பக்கத்துல உக்காருங்க. ஆடக்கூடாது, அசையக்கூடாது."

"சரிங்க அக்கா."

"பார்த்தியாடி, சொன்னதைக் கேக்குற ஆளு. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தர்!"

படகு மெல்லப் பாலத்துக்கு அடியில் நுழைந்தது. இருட்டாகியது. கூரைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடம்தான். பக்கத்தில் சுவரோரமாக ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குக் கல் மேடை ஒன்று ஓடியது.

"லிஃப்ட்டுல ஆள் ஜாஸ்தியானா நகராது" என்றார் லிஃப்ட்காரர் ஆச்சரியத்தோடு. "இது ஆள் கம்மியானா நகர மாட்டேங்குது. தொழிலையே தலைகீழாப் பண்றாங்க." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "ரொம்ப சந்தோஷங்க அக்கா. நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னு இவங்க பயந்துகிட்டே இருந்தாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வர்ற மாசம் தேதி கேட்டிருக்கேன்."

மீன் மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"யாருக்குத் தேதி?" என்றாள் அக்கா.

தங்கை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "எனக்கு அக்கா. எனக்கும் இவருக்கும். நீ சரின்னு சொன்னா."

அக்கா எழுந்தாள். நேராகப் போய் விளிம்பைத் தாண்டிக் கல் மேடையில் கால் வைத்தாள். எதிலிருந்து இறங்கினாலும் அவள் வாயில் தானாக ஒரு வார்த்தை வரும், வீட்டு வாசற்படியில் இறங்கும்போதுகூட. அது இப்போதும் வந்தது: "எறங்குறவங்கல்லாம் எறங்கு!"

இவ்வளவு நேரமும் அந்தக் குரலுக்கே ஏறி, நகர்ந்து, உட்கார்ந்து பழகியவர்கள். தொப்பிகள் அத்தனையும் இறங்கின. சவரக்காரர் இறங்கினார், நுரைக்காரர் இறங்கினார்.

படகு எழும்பியது. க்ரீச்ச்ச். கூரை பாலத்தில் போய் இறுகிக்கொண்டது.

"ஐயையோ!" என்றார் கேப்டன்.

அக்கா திரும்பிப் பார்க்காமல் மேடை வழியே விடுவிடுவென்று நடந்தாள். கோடியில் ஒரு இரும்புக் கதவு, அதில் ஒரு பூட்டு. பூட்டை இரண்டு உலுக்கு உலுக்கினாள். பிறகு சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

கேப்டன் ஒவ்வொருவராகக் கெஞ்சி ஏற்றினார். சோபா ஆளின் போன் அடித்தது. "வந்துட்டே இருக்குங்க... சோபாவா? பாலத்துக்கு அடியில இருக்குங்க... இல்லீங்க, மீன் சாப்பிட்டுட்டு இருக்கோம்." எல்லோரும் ஏறியும் படகு முக்கால்வாசிதான் விடுபட்டது.

"அம்மா, நீங்க ஏறினாத்தான் படகு இறங்கும்!"

"வேற ஆளைப் பாருங்க."

"வேற ஆள் ஏதும்மா? கரையில இருந்த எல்லாரையும்தான் நீங்களே ஏத்திட்டீங்களே!"

"நான் வேணா எறங்கிக்கிறேன்" என்று லிஃப்ட்காரர் பாதி எழுந்தார்.

"நீங்க எறங்கினா விடிய விடிய இங்கேதான்! உக்காருங்கய்யா!"

"கட்டிக்கட்டுமேம்மா" என்று நுரைக்காரர் குரல் கொடுத்தார். "எனக்கு மூஞ்சி காயுது."

தங்கை விளிம்போடு நடந்து அக்கா நின்ற இடத்துக்கு நேரே வந்தாள். அவளுக்கும் அக்காவின் முதுகுக்கும் நடுவே ஒரு முழம் கறுப்புத் தண்ணீர்.

"எத்தனை நாளா?" என்றாள் அக்கா, சுவரிடம்.

"லிஃப்ட்டு நின்ன அன்னிலேருந்து."

"அது போன மழைக்கு முந்தின மழையாச்சேடி!"

"சொல்ல வாயெடுத்தா நீ எந்திரிச்சிடுவே. போன மாசம் சொல்ல வந்தேன், பால் அடுப்பை அணைக்கப் போறேன்னு போனே. உன் வீட்டுல அன்னிக்குப் பாலே இல்லை."

அக்கா பூட்டை இன்னொரு உலுக்கு உலுக்கினாள். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஆனால் பாலத்துக்கு அடியில் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது. கல் அதை எடுத்துப் படகு முழுக்கப் பரிமாறியது.

"ஞாயித்துக்கிழமை வந்து எனக்குத் தலைக்கு டை அடிச்சு விடுவியே. பின்மண்டைக்கு எனக்குக் கை எட்டாதுடி."

புதுப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"எட்டாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் தங்கை. "வேற யாரையாவது தொட விடுவேனா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான் அக்கா. இவர் வந்தா வெளியில உக்காந்திருப்பார்."

"உக்காந்துக்குவேங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"உங்களைக் கேக்கலை" என்றாள் அக்கா. பிறகு, "டை பாக்கெட்டை வாங்கிட்டாவது வருவாரா?"

"வருவேங்க."

"கறுப்பு இல்லை. அடர் பழுப்பு. கறுப்பு வாங்கிட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

"அடர் பழுப்பு" என்று அவர் பாடம் மாதிரிச் சொன்னார். தொப்பிகளில் இரண்டு பேரும் கூடவே முணுமுணுத்தார்கள்.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் கால் வைத்தாள். "நகரு" என்று சோபாவில் இருவருக்கும் நடுவே போய் உட்கார்ந்தாள். கூரை கல்லை விட்டது. படகு முனகிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தது.

துறையில் படகு நின்றதுமே, சாப்பாடும் தீர்ந்துபோயிருந்ததால், ஏறிய கூட்டம் ஏறிய வேகத்தில் இறங்கிப் போனது. சோபாவும் போனது. அக்காவும் தங்கையும் பழைய மேஜைக்கு வந்தார்கள். லிஃப்ட்காரர் நின்றபடியே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. நான் நடந்து போயிடுறேன்."

தங்கை அக்காவைப் பார்த்தாள்.

"எங்க போறீங்க?" என்றாள் அக்கா. "திரும்பிப் போறதுக்கும் அதே பாலம்தானே? வெயிட் வேண்டாமா? உக்காருங்க."

கேப்டன் காலியான படகைச் சுற்றிப் பார்த்தார். "அம்மா, இவர் ஒருத்தர் போதாதும்மா."

"போதும்" என்றாள் அக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டபடி.