கதவுக்கு ஒரு படம்

கட்டின பெண்டாட்டியை "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறவர் என் வீட்டுக்காரர். என்னை நர்ஸ் என்று நினைப்பு. மாத்திரை கொடுத்தால் "தேங்க்ஸ் சிஸ்டர்" என்பார். குளிப்பாட்டித் துடைத்துவிட்டால் "உங்களுக்கு ஏன் சிஸ்டர் சிரமம்" என்பார். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. நல்ல நினைவோடு இருந்த காலத்தில் இதில் கால்வாசி கிடைத்திருந்தால்கூடப் பூரித்துப் போயிருப்பேன்.

பொழுது சாய்ந்தால் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "வாலு எங்க? இன்னும் காணோமே?" வாலு நானில்லை. அவருடைய முதல் மனைவி. அவளை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது சரியா தப்பா என்று இங்கே பஞ்சாயத்து வைக்கப்போவதில்லை. மறதி நோய் வந்த பிறகு ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொள்கிறவள் நான். அவர் தேடுகிறவள் அவள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையை இப்போது நான்தான் நடத்துகிறேன். போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, கடையில் கூட உட்கார்த்தி வைத்திருந்த இவர் பின்பக்கமாக இறங்கி நடுச்சாலையில் போய் நின்றுவிட்டார். லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தார். அன்றைக்கே முதியோர் இல்லம் தேட ஆரம்பித்தேன்.

ஒரு இல்லத்தை எடைபோட எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அங்கே இருப்பவர்களின் மூக்குக்கண்ணாடியைப் பார்ப்பேன். முதலில் பார்த்த இடத்தில் வரவேற்பறையில் பளிங்குத் தரை, மீன் தொட்டி. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணாடியிலோ கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு கிழவர் யாரோ ஒரு அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உலகமே கலங்கலாகத் தெரிய உட்கார்ந்திருந்தார். அப்படியே திரும்பிவிட்டேன். அடுத்த இடத்தில் எல்லாக் கண்ணாடிகளையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். உடையாமல் இருக்குமாம். மூன்றாவது இடத்தில்தான் கண்ணாடிகள் துடைத்துப் பளிச்சென்று அவரவர் மூக்கில் இருந்தன.

அந்த இல்லத்து மேட்ரன் சுற்றி வளைக்காமல் பேசினார். "கீழ்த்தளத்துல கதவுகளைப் பூட்ட மாட்டோம். தோட்டத்துக்குப் போகலாம், வரலாம். ஆனா தன்னோட ரூம் எதுன்னு அவங்களுக்கே தெரியணும். தெரியாதவங்க மேல்தளம். அங்க எப்பவும் பூட்டுதான்."

"இவருக்கு எப்படிம்மா தெரியும்? சொந்த வீட்டுலயே பாத்ரூம் தெரியல."

"அதுக்குத்தான் கதவுல படம் மாட்டறோம். அவரோட படம் ஒண்ணு கொண்டாங்க. பார்க்கலாம்."

பூட்டி வைத்தால் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு நாள் தாழ் போட்டதற்கே நகம் பெயரும் வரை கதவைப் பிராண்டினார். அதனால் எங்கள் கல்யாணப் படத்தை, பெரிது பண்ணி, நல்ல சட்டமாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவில் மாட்டினேன். அவரை நடையின் கோடியில் விட்டு, "உங்க ரூமுக்குப் போங்க" என்றார் மேட்ரன்.

ஆடி அசைந்து வந்தார். படத்தின் முன்னால் நின்றார். லேசாகச் சாய்ந்திருந்ததை நேராக்கினார். "நல்ல ஜோடி. யாரு இவங்க?" என்று கேட்டுவிட்டு, நேரே போய்த் துணி அலமாரி அறைக்குள் நுழைந்தார்.

மேட்ரன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவர் மனசு இதுக்கு முன்னாடி எங்கயோ நிக்குது. அப்போ எடுத்த படம் வேணும். யாரைத் தேடறாரோ அவங்களோட இருக்கிற மாதிரி."

அந்தக் காலத்து ஆல்பங்கள் எல்லாம் மூத்தவளோடு போய்விட்டன. ரெண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூன்றாவது நாள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"போட்டோவைக் குடுத்தனுப்ப மாட்டேன். நானே எடுத்துட்டு வரேன். இடத்தையும் பாக்கணும்" என்றாள்.

முதியோர் இல்லத்துக்குப் போக யாராவது உதட்டுச் சாயம் பூசுவார்களா? பூசிக்கொண்டேன். அவள் பூசியிருக்கவில்லை. நரைத்த முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு, நடைப்பயிற்சிக்குப் போகிற காலணியோடு வந்து இறங்கினாள். இந்த வயதிலும் முதுகு நிமிர்ந்திருந்தது. நான்தான் நாலு வருஷமாக ஆளைத் தூக்கித் தூக்கிக் கூனிப்போனவள்.

"வாங்கக்கா" என்றேன். வேறு முறையும் இல்லை, எனக்கு வேறு வழியும் இல்லை.

அவள் அறைக்குள் நுழைந்ததும் தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மெத்தையைக் கையால் அழுத்தினாள். குளியலறைக் கைப்பிடியில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். "ராத்திரி எத்தனை பேரு டியூட்டி?" என்று மேட்ரனிடம் கேட்டாள். இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

"அவருக்குத் தெருவைப் பாத்த ஜன்னல் வேணும். வெளிச்சம் இருந்தாத்தான் பிடிக்கும்" என்றாள்.

"இப்ப வெளிச்சம் கண்ணைக் கூசும். ஆபரேஷன் ஆனதுலேருந்து" என்றேன்.

"டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை."

"சர்க்கரையை நிறுத்தி வருஷக்கணக்காச்சு."

"ஒருக்களிச்சுத்தான் படுப்பார்."

"இப்பல்லாம் மல்லாக்கத்தான்."

மேட்ரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆள் ஒருத்தர்தானே?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூத்தவளுக்கும் வந்ததோ என்னவோ, பையைத் திறப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

பையிலிருந்து படத்தை எடுத்தாள். புதுப் பெயர்ப்பலகைக்குக் கீழே இருவரும் நிற்கிறார்கள். அவர் மீசையோடு, ஒல்லியாக. அவள் வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். கடையைத் திறந்த அன்று எடுத்ததாம். நான் தினமும் பூட்டுகிற, திறக்கிற கடை. அந்தப் பலகையின் பளபளப்பை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. என் கடை வாசலில் அவள் எனக்கு முன்பே சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

என் படத்தை இறக்கி, அதை மாட்டினோம். நாங்கள் ரெண்டு பேரும் அறைக்கு எதிரே சுவரோரம் ஒதுங்கி நின்றோம்.

அவர் நடந்து வந்தார். ஒரு கதவைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். பூட்டிய மேல்தளத்துக்கு அவர் போகக் கூடாது என்று எத்தனை சாமியை வேண்டியிருப்பேன். ஆனாலும் அந்த நேரத்தில், இந்தப் படத்தையும் இவர் தாண்டிப் போய்விட்டால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன்தான். பொறாமை வந்தால் புருஷன் சாகட்டும் என்றுகூட மனசு கணக்குப் போடும்போலிருக்கிறது.

அவர் தாண்டவில்லை. படத்தில் அவள் முகத்தின் மேல் விரலை வைத்தார். "வாலு வந்துட்டா" என்றார். கதவைத் திறந்து உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மேட்ரன் அவரைத் திரும்ப நடையின் கோடிக்குக் கூட்டிப்போய் விட்டார். மறுபடியும் அதே கதவு. அதற்கப்புறமும் அதே கதவு.

"கீழ்த்தளமே குடுத்துடலாம்" என்றார் மேட்ரன்.

மூத்தவள் அறை வாசலில் போய் நின்று, "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்துவிட்டது அவருக்கு. நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் மெத்தையைத் தட்டினார்.

"எங்க போயிட்ட நீ? எவ்வளவு நேரமா தேடறேன்."

அவள் உட்காரவில்லை. விறுவிறுவென்று வெளியே வந்து நடையைத் தாண்டித் தோட்டத்துப் படியில் நின்றாள். பின்னாலேயே போனேன்.

"எங்க போயிட்டேன்னு என்னைக் கேக்கறார்" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உன் முகத்தைக் காலையிலேருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். வயிறு எரியுது உனக்கு. எதுக்கு எரியணும்? நல்ல புத்தியோட இருந்தப்ப உன்னைத்தானே வேணும்னு சொல்லிட்டுப் போனார். புத்தி கெட்டப்புறம்தான் நான் ஞாபகத்துக்கு வரேன். இருபது வருஷத்துல ஒரு நாள், தெளிவா இருந்த ஒரு நாள், ஒரு போன் பண்ணினாரா? அந்த ஒரு போனை நீ எனக்குக் குடுப்பியா? இந்தத் தேடலையெல்லாம் நீயே எடுத்துக்கோ."

இத்தனை நாள் நான் மட்டும்தான் எரிகிறேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு என் மேல் இவ்வளவு இருந்தது தெரிந்ததும், சொல்லக் கூடாது, கொஞ்சம் குளுகுளுவென்றுகூட இருந்தது.

"படத்தைக் குடுத்துட்டேன். இனிமே என்னைக் கூப்பிடாதே" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அதற்குள் மேட்ரன் வந்தார். புது இடம் பழகும்வரை பொழுது சாயும் நேரத்தில் அவருக்குத் தெரிந்த ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலைத் தேடி வெளியே போக ஆரம்பித்துவிடுவார், அப்புறம் மேல்தளம்தான் என்றார். "யாரு வருவீங்க?" அறையிலிருந்து அவர் குரல் நடை முழுக்கக் கேட்டது. "வாலு, ஏ வாலு."

அவளைப் போகவிட்டால் என் வயிறு குளிரும். அவர் பூட்டுக்குள் போவார். நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, சாயங்காலம் மட்டும் வாங்க."

"யார்கிட்ட கேக்கறேன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரிஞ்சுதான்."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்தாள். "வரேன். ஆனா நான் இருக்கறப்ப நீ அங்க இருக்கக் கூடாது. உன் எதிர்ல அவர் பொண்டாட்டியா உக்கார என்னால முடியாது."

"சரிக்கா. நான் காலையில வந்துக்கறேன்."

"அப்ப ஆளுக்குப் பாதி" என்றாள். நியாயமாகப் பிரித்துக்கொண்ட திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது.

ராத்திரி போடுகிற தூக்க மாத்திரைக்கு அவர் மத்தியானம் வரை கண்ணைத் திறக்கமாட்டார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.