கடைசிப் பீஸ்

என் அண்ணனுக்குக் கடைத்தெருவில் ‘கடைசிப் பீஸ்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கிறது, ஆனால் அது புழக்கத்தில் இல்லை. எதிர்க்கடையில் பை விற்கிற பைக்காரரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவன் கடைசிப் பீஸ்தான்.

அவன் வியாபாரம் செய்கிற விதத்தால் வந்த பெயர் அது. எங்களுடையது கவரிங் நகைக் கடை. ஒரு கண்ணாடி கௌண்டர், அதற்குப் பின்னால் வெல்வெட் தட்டுகள், மேலே வெள்ளை விளக்கு. அந்த விளக்கடியில் எந்தக் கல்லும் மினுக்கும், எந்த முகமும் வெளிறும். தட்டில் இருக்கிற தோட்டை யாரும் சட்டென்று வாங்கிவிட மாட்டார்கள். புரட்டிப் பார்ப்பார்கள், விலையைக் கேட்டு உதட்டைச் சுழிப்பார்கள், ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறோம் என்று போய், வராமலே இருப்பார்கள். அதே தோடு ஒருத்தியின் காதில் தொங்கினால் கதை வேறு. அந்த ஒருத்தி நான்.

அந்தப் பெண் போட்டிருக்கிறதே அது இருக்கிறதா என்று யாராவது கேட்க வேண்டியதுதான். அண்ணன் முகம் அப்படியே தொங்கிப்போகும். அது தீர்ந்துவிட்டது, தங்கச்சி ஆசைப்பட்டு எடுத்துப் போட்டுக்கொண்ட கடைசிப் பீஸ் என்பான். ஒரு பெருமூச்சு விடுவான். தங்கை மனசு நோகுமே என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்ப்பான். பிறகு, “சரி, நீங்க இவ்வளவு ஆசைப்படுறீங்க” என்று என் காதிலிருந்து கழற்றி, சட்டை நுனியில் ஒரு துடை துடைத்து, டப்பாவில் போட்டு நீட்டிவிடுவான். பேரம் பேச வந்தவள் பேரத்தையே மறந்துவிட்டு, யாரோ ஒருத்தியின் ஆசையைத் தட்டிப் பறித்த திருப்தியோடு போவாள். அவள் படி இறங்கியதும் கௌண்டருக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியிலிருந்து அடுத்த கடைசிப் பீஸ் என் காதுக்கு ஏறும்.

ஸ்பிரிட்டிலாவது முக்கிக் கொடேன் என்று பலதடவை சொல்லிவிட்டேன். ஸ்பிரிட் பட்டால் முலாம் போய்விடுமாம். என் தோல் போனால் பரவாயில்லை, அது அவன் முதல் போட்டு வாங்கியதில்லை.

காதின் கீழ்மடல் சின்ன வயதில் குத்தி ஆறிப்போனது. அதில் மாட்டுவதும் கழற்றுவதும் எரிச்சல்தான், வலி இல்லை. சிக்கல் மேலே வந்தது. காதின் மேல் வளைவில் ஒரு துளை போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, யாருக்காகவும் இல்லை. கடுகு அளவு ஒரு மொட்டு, அதுவும் கல் இல்லாதது. நாள் முழுக்கக் கடைச் சரக்கைச் சுமக்கிற உடம்பில் எனக்கென்று ஒரு பொருள் இருக்கட்டும் என்று ஆசை. கையுறை போட்டுக் குத்திவிட்ட பெண், ஆறுகிறவரை இதை மாற்றக்கூடாது, மேல்காது மெதுவாகத்தான் ஆறும், மாதக்கணக்கில் ஆகலாம் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

மறுநாள் காலையில் அண்ணன் என் காதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வீட்டுத் தரகர் காலி மாடியைப் பார்க்கிற பார்வை அது.

“மேல ஒண்ணு புதுசா திறந்திருக்கியே. சின்னக் கல்லு ரகம் வந்ததுலேருந்து தூங்கிட்டுக் கிடக்கு. அதுல ஏத்திடு.”

இன்னும் ஆறவில்லை என்றேன். ஓட்டையில் ஆறுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டான். நான் முறைத்தேன். அப்பா போன பிறகு கல்லாவில் அவன் உட்கார்ந்தான், முன்னால் நான் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை அவ்வளவுதான் நடந்தது. கல்லாவில் உட்கார்ந்தவன் சொன்னால் முன்னால் உட்கார்ந்தவள் கேட்டுப் பழக்கம். கேட்டேன். கல்லு ரகம் தூக்கம் கலைந்து எழுந்து ஓடியது. என் காதில் அது ஏறி இறங்கிய கணக்கு அண்ணனுக்கு லாபமாகவும் எனக்கு வீக்கமாகவும் சேர்ந்தது.

முதலில் கசிந்தது. பிறகு தலையணையில் ஒட்டியது. சீப்பில் ஒரு முடி மாட்டி இழுத்தால் பாதத்தில் போய் முடிகிற வலி. போனை அந்தப் பக்கம் வைக்க முடியவில்லை, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. அதற்குள் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வைத்தியராகிவிட்டார்கள். அம்மா தேங்காய் எண்ணெய் என்றாள். பைக்காரர் பற்பசை வைக்கச் சொன்னார், அவர் மருமகளுக்குக் கேட்டதாம். அண்ணி தினம் காலையில் காபியோடு வந்து, தோட்டைத் திருகிவிடாவிட்டால் சதையோடு ஒட்டிக்கொள்ளும் என்று ரேடியோ குமிழைத் திருகுகிற மாதிரி திருகிவிட்டுப் போவாள். ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான், “தொடாம வச்சிரு” என்றார்கள்.

அண்ணன் மட்டும் மருந்து எதுவும் சொல்லவில்லை. அவனிடம் காரணம் இருந்தது. “உன் உடம்பு வாகு அப்படி. சிலருக்கு ஆகாது.” இதைச் சொல்லிக்கொண்டேதான் அடுத்ததை மாட்டினான்.

காது சிவந்து சூடேறி, மடல் தடித்து, காய்ச்சல் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. விளக்கை இழுத்துப் பார்த்துவிட்டு எத்தனை தடவை மாற்றினாய் என்று கேட்டார். நான் கடையைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“இது குருத்தெலும்பும்மா. இங்க ரத்த ஓட்டம் கம்மி. கெட்டுப்போச்சுன்னா காது சுருங்கி மடங்கிடும், அப்புறம் என்ன பண்ணினாலும் பழைய காது வராது. இப்ப வந்துட்ட, காப்பாத்திடலாம். ஆனா ஒருத்தர் கை அதுல படக்கூடாது. உன் கையும் சேர்த்துத்தான்.”

மாத்திரை கொடுத்தார். பழையதை அவரே கழற்றிவிட்டு டைட்டானியத்தில் ஒரு வெறும் மொட்டை மாட்டினார். மருந்துக்கடையில் கிடைக்கிற உப்புநீரால் கழுவு, சுத்தமான துணியால் ஒற்றி எடு, திருகாதே, பொருக்கை நகத்தால் கிள்ளாதே, எண்ணெயும் ஸ்பிரிட்டும் பற்பசையும் வேண்டாம் என்றார். பற்பசையை நான் சொல்லாமலே அவர் சொன்னதிலிருந்து, பைக்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டில் அறிவித்தேன். அண்ணி காபியைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா எண்ணெய்ப் புட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். அண்ணன், “அப்ப கல்லு ரகம்?” என்றான். காதுக்கு என்ன ஆகுமாம் என்று அவன் கேட்கவில்லை. கல்லு ரகத்துக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்டான். அந்தக் கேள்வி எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் என் காதை விட்டுவைத்தான். வீக்கம் வடிய ஆரம்பித்தது. சூடு போனது. ஒரு காலையில் தலையணை உறை சுத்தமாக இருந்ததைப் பார்த்துப் பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அம்மா வந்தார். கல்லு ரகத்தில் ஒன்றை என் காதிலிருந்தே வாங்கிக்கொண்டு போனவர். கூடவே கல்லூரிக்குப் போகிற வயதில் மகள். மகளின் தலைமுடி முழுவதும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிடப்பட்டிருந்தது. இன்னொரு பக்கம் என் காது இருந்தது. அதாவது, போன மாதத்து என் காது. அதே இடம், அதே சிவப்பு, அதே பளபளப்பு. நடுவில் எங்கள் கல்.

அந்த அம்மா சண்டை போடுகிற குரலில்கூடப் பேசவில்லை. புதுத் துளைதான், இங்கே வாங்கியதைப் போட்டதிலிருந்து இப்படி இருக்கிறது, என்ன உலோகம் இது என்று கேட்டார். அந்தப் பெண்ணின் கை காதுக்குப் போவதும் பாதியில் திரும்புவதுமாக இருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

அண்ணன் கௌண்டரில் முழங்கையை ஊன்றி, சொந்தக்காரன் மாதிரி குரலைத் தாழ்த்தினான்.

“சரக்குல குறை இல்ல மேடம். பாப்பாவோட உடம்பு வாகு அப்படி. சிலருக்கு ஆகாது.”

எழுத்து மாறாமல் அதே வார்த்தை. இத்தனை நாள் என் உடம்புக்கென்று அவன் தனியாகக் கண்டுபிடித்த காரணம் என்று நினைத்திருந்தேன். அதுவும் அட்டைப்பெட்டிச் சரக்குதான் போல. காதில் இல்லாத சூடெல்லாம் எனக்குத் தலைக்கு ஏறியது.

அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். வியாபாரி இல்லையா, வந்த ஆளைச் சும்மா அனுப்புவானா?

“பாப்பாவுக்கு டைட்டானியம்தான் ஒத்துக்கும். டாக்டருங்களே அதைத்தான் சொல்றாங்க. அது தீர்ந்துபோச்சு, தங்கச்சி போட்டிருக்கிறது ஒண்ணுதான் இருக்கு. பரவாயில்ல, உங்களுக்காக…”

அவன் கை என் காதை நோக்கி வந்தது. பழக்க தோஷம், பார்க்காமலே வந்தது, சட்டைப் பையிலிருந்து பேனா எடுக்கிற மாதிரி.

மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்ததைக் கீழே இறக்கிக் கௌண்டர் கண்ணாடிமேல் அழுத்தினேன். கண்ணாடி விரியும் என்று அவன் பயந்தது தெரிந்தது. விரியட்டும் என்றுதான் அழுத்தினேன்.

“இது டாக்டர் போட்டது. எனக்குப் போட்டது. இதையும் விப்பியா நீ?”

“ஏய், கஸ்டமர் முன்னாடி என்ன இது.”

“கஸ்டமருக்குத்தான் தெரியணும்.”

குனிந்து அட்டைப்பெட்டியை இழுத்தேன். தூக்கிக் கௌண்டரில் கவிழ்த்தேன். கல்லு ரகம் அத்தனையும் கலகலவென்று கொட்டி வெள்ளை விளக்கடியில் மினுக்கியது. கடைசிப் பீஸ், கடைசிப் பீஸ், கடைசிப் பீஸ். சில உருண்டு தரைக்கும் போயின. எதிர்க்கடைப் பைக்காரர் பையைத் தொங்கவிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒரு நல்ல காட்சியை அவருக்குக் கெடுக்க எனக்கு மனமில்லை, கதவைச் சாத்தவில்லை.

அந்த அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் வாங்கிய தோடு என் காதிலிருந்து கழற்றியது. அப்போது என் காதில் சீழ் இருந்தது. சட்டையில் துடைத்துத்தான் கொடுத்தது. நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள், துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடும், இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், இன்னொருத்தி காதிலிருந்து வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். டாக்டர் இருக்கும் தெருவையும் சொன்னேன்.

அவர் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார். அண்ணனைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

“அவன் கழட்டுறப்போ நீ வாயை மூடிக்கிட்டுத்தானேம்மா இருந்த.”

மகளின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு படி இறங்கினார். எனக்கு என்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அண்ணன்மேலேயே வைத்தேன். வைக்க அங்கே இடம் இருந்தது.

அவன் தரையில் மண்டியிட்டுத் தோடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அப்பா கட்டின கடையைத் தெருவில் கவிழ்த்துவிட்டாய், இனி எவள் வருவாள் என்றெல்லாம் முனகினான். நான் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன். எப்போதோ ஒரு மொத்த வியாபாரி இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன ரப்பர் காது ஒன்று அங்கே தூசியில் கிடந்தது. முகம் இல்லாமல் காது மட்டும், கீழே ஒரு தாங்கி. உயிருள்ளது ஓசியில் கிடைக்கும்போது அதை எதற்கு இறக்குவது என்று அண்ணன் தொட்டதே இல்லை. இறக்கி, துடைத்து, அவன் மூக்குக்கு நேரே கௌண்டரில் வைத்தேன்.

“இதுக்குச் சீழ் பிடிக்காது. உடம்பு வாகும் கிடையாது. இஷ்டம்போல மாட்டு, கழட்டு.”

“ரப்பரைப் பார்த்து எவ வாங்குவா?”

“வாங்கலேன்னா உன் வியாபார வாகு அப்படி. சிலருக்கு ஆகாது.”

பைக்காரர் சிரித்த சத்தம் தெரு தாண்டி வந்தது.

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. கௌண்டரின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான், நடுவில் ரப்பர் காது. யாராவது விலை கேட்டால் நான் பெட்டியையே தூக்கி முன்னால் வைத்துவிடுகிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று. அவனுக்குப் பல் கடிபடுகிற சத்தம் எனக்கு நல்ல காதிலும் கேட்கிறது, ஆறுகிற காதிலும் கேட்கிறது.

அந்தப் பெண் டாக்டரிடம் போனாளா தெரியவில்லை. கடை வாசலில் யாராவது முடியை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனால் எழுந்து நின்று பார்க்கிறேன்.