சாரலில் தெரிந்த வயிறு

இடுப்பு கடுத்தது. காலையிலிருந்து ஏணியின் நடுப்படியில் நின்று காங்கிரீட் சட்டியை வாங்கி வாங்கி மேலே கொடுத்ததில் சங்கரேஸ்வரிக்கு முதுகு இற்றுவிடும்போல் இருந்தது. மற்ற பெண்கள் சட்டியை வயிற்றோடு அணைத்து வாங்குவார்கள். அவள் கையை எட்டி நீட்டி வாங்கினாள். தலைச்சன் பிள்ளை, ஐந்தாம் மாதம். சேலைக்கு மேல் போட்டிருந்த புருசன் சட்டைக்குள் அது இருப்பது வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கொத்தனார் பலவேசம் நிறுத்திவிடுவார். போன மாதம் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார். சங்கரேஸ்வரியின் புருசன் கால் முறிந்து வீட்டில் கிடக்கிறான். இவள் கூலிதான் சோறு.

குத்துக்கல்வலசையில் புது மாடி வீடு. தளம் பாதி முடிந்தபோது குற்றால மலையிலிருந்து சாரல் இறங்கியது. பாதியில் விட்டால் தளம் சேராது, பின்னால் ஒழுகும். வேலை ஓடியது. நனைந்த சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

கீழ்ப்படியில் நின்ற வடிவம்மாள் சட்டியைத் தூக்கியவள் அப்படியே பார்த்தாள்.

"ஏட்டி, இது என்ன, பிரியாணித் தொப்பையா?"

"யக்கா, சத்தம் போடாதிய."

"சட்டி இடிச்சா என்னட்டி ஆவும்? எறங்கு மொதல்ல."

"கூலி போயிரும்க்கா."

"எறங்குன்னு சொல்லுதேன்லா."

இறங்கினாள். அதன்பிறகு வடிவம்மாளே கீழே வாங்கி, படியேறி, மேலே கொடுத்து, மறுபடி இறங்கினாள். மூச்சு இரைத்தது.

மேலேயிருந்து பலவேசம் கத்தினார். "நடுவுல நின்னவள எங்க? டீ குடிக்கப் போயிட்டாளா?"

"நாந்தான் நிக்கேன்லா கொத்தனாரே! சட்டி வருதா இல்லியா, அதச் சொல்லும்."

வந்தது. ஒரு சட்டிகூட தடைபடவில்லை.

தளம் முடிந்து பலவேசம் இறங்கியபோது சங்கரேஸ்வரி சிமெண்டு மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துவிட்டார்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு அண்ணாச்சி."

"வழுக்கி விழுந்திருந்தா யாரு பதில் சொல்ல? அறிவு வேண்டாமா? இன்னைக்கு அரைக் கூலிதான். நாளைக்கு வராத."

வடிவம்மாள் குறுக்கே வந்தாள். "அவ சட்டி எதும் கீழ நின்னுச்சா? முழுசாக் குடும். நாளைக்குச் சுவத்துக்குத் தண்ணி அடிக்க ஆளு வேணும்லா? ஓஸ் பிடிக்க வயிறா தடுக்குது?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். பலவேசம் முணுமுணுத்தபடி முழுக்கூலியை எண்ணிக் கொடுத்தார்.

"தண்ணி மட்டும் அடி. ஏணிப்பக்கம் பாத்தேன், தொலச்சுப்புடுவேன்."

பெண்கள் வந்து வயிற்றைத் தடவினார்கள். பொம்பளப் பிள்ளைதான் என்றாள் ஒருத்தி, இல்லை என்றாள் இன்னொருத்தி. இத்தனை நாள் இழுத்துப் பிடித்து ஒளித்த வயிற்றை முதன்முதலாக நாலு பேர் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள் சங்கரேஸ்வரி. வேலையும் இருந்தது, பிள்ளையும் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் வடிவம்மாளின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சிமெண்டில் வெந்து தோல் உரிந்திருந்தது.

"யக்கா..."

"அழுதா அடிப்பேன். பெத்து எந்திச்சு வா. எனக்கு முட்டி விட்டுப்போற அன்னைக்கு எனக்கும் சேத்து நீ நில்லு."

"நிக்கேன்க்கா."

வடிவம்மாளுக்கு அவள் பட்ட கடன் அது. ஒரு காங்கிரீட் நாளில் ஏணியின் இரண்டு படிக்கும் ஒற்றை ஆளாக நிற்க வேண்டும். இன்னும் தீர்க்கவில்லை.