கப்பலடிக் கல்

டைவிங் டீச்சருக்குக் கடலென்றால் பயமில்லை. அக்கா புருஷன் என்றால்தான் கொஞ்சம் உதறல். மனுஷன் எதிலும் மூக்கை நுழைப்பார். அன்றைக்கென்று பார்த்து, படகில் தொல்லியல் அதிகாரியம்மா வேறு இருந்தார். மூழ்கிக் கிடக்கும் பழைய பாய்மரக் கப்பலைப் பார்க்க இனியும் ஆட்களை இறக்கலாமா, இழுத்து மூடிவிடலாமா என்று முடிவு செய்ய வந்திருந்தார். மூடினால் டீச்சரின் பிழைப்பு அதோடு சரி.

ஆழமே இல்லாத இடத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அத்தான் அலட்டிக்கொண்டார். ஆள் மிதக்காமலிருக்க டீச்சர் அளந்து கட்டிய பெல்ட்டிலிருந்து இரண்டு ஈயக்கட்டிகளை அவராகவே உருவி, யாரும் பார்க்காமல் சீட்டுக்கடியில் தள்ளினார். போட்டோவில் தொப்பை பிதுங்கித் தெரியுமாம்! குதிக்குமுன் எல்லோர் இடுப்பையும் தடவிப் பார்க்கும் டீச்சர், வீட்டு ஆள்தானே என்று அவரை மட்டும் விட்டுவிட்டாள்.

காற்று தீரத் தீர சிலிண்டர் லேசாகும். ஆழம் குறைந்த இடத்தில் ஆளையே மேலே தூக்கும். திரும்பும் நேரத்தில் அத்தான் பலூன்போல எழும்பத் தொடங்கினார். டீச்சர் வேறொருவரின் முகமூடியைச் சரிசெய்துகொண்டிருக்க, கீழே கிடந்த கல்லொன்றை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். படகேறியதும் தன் சமயோசிதத்தைப் பற்றிப் பீற்றல் வேறு.

டீச்சர் கல்லை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். கப்பல் சாயாமலிருக்க அடித்தட்டில் பாரமாக அடுக்கிய கல் அது. அதிகாரியம்மா அதையே பார்த்தார்.

"தப்பு என்னோடதும்தான் மேடம், இவர் இடுப்பைப் பார்க்காம விட்டுட்டேன். இருந்த இடத்துலயே வச்சுட்டு வர்றேன்."

அத்தனை கல்லில் இடம் எப்படித் தெரியும் என்று கேட்டார் அவர். மற்றதெல்லாம் பாசி பூத்திருக்கும், இது இருந்த குழி மட்டும் வெளுத்திருக்கும் என்றாள். அவருடைய கேமராவையும் வாங்கிக்கொண்டு, புது சிலிண்டரோடு இறங்கினாள். பாசிப் பக்கம் மேலே வர வைத்ததும் கல் அசையாமல் உட்கார்ந்தது.

மேலே வந்தவள் முதலில் அத்தானிடம்தான் பேசினாள். இனி இந்தக் கப்பல் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது, அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அக்கா என்றதும் மனுஷன் குனிந்து, சீட்டுக்கடியில் தள்ளிய கட்டிகளை எடுத்து நீட்டினார்.

அதிகாரியம்மா டீச்சர் எடுத்து வந்த படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"மூடல. அடுத்த வாரம் நானே இறங்கறேன். எனக்கு எத்தனை கட்டி போடணும்?"

டீச்சர் அவரை மேலும் கீழும் அளந்தாள்.

"அதை நான் பார்த்துக்கறேன். நீங்க கழட்டாம இருந்தா போதும்."