காப்புக் கட்டிய கை

ஏமாற்றித்தான் கட்டினார்கள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

"ஒரு அர்ச்சனைதான் துஷானி, அஞ்சு நிமிசத்துல வந்துறலாம்" என்று அம்மா எங்கள் மஹய்யாவ தெரு அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்தால், சின்னமுத்து பூசாரி என் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக்கு மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எங்களுக்கு எல்லை மகாவலி ஆறு. திருவிழா முடிய ஒன்பது நாள் இருந்தது. கடலோரக் கற்பிட்டியில் என் போட்டி நான்காம் நாள்.

"என்னம்மா வேலை இது?"

"வேண்டுதல். போன வருசம் நீ கடல்ல கெடந்தப்ப வச்சது. பால்குடம் எடுக்கணும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கற்பிட்டிக்கு நான் போனது ஒரு ஹோட்டல் வேலைக்கு. அங்கேதான் கைட் போர்டிங்கைப் பார்த்தேன். காற்றடைத்த பெரிய பட்டத்தின் கயிறுகளை இடுப்போடு மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகையுடன், காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர்மேல் பறக்கிறார்கள். முதல் வாரம் முழுக்க உப்புத் தண்ணீர்தான் குடித்தேன். எட்டாம் நாள் காற்று என்னை அப்படியே தூக்கியது. அன்றோடு சரி, பைத்தியம் பிடித்துவிட்டது.

போன வருடம் நடுக்கடலில் காற்று நின்று பட்டம் விழுந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மிதந்தேன். ஒரு மீன்பிடிப் படகுதான் ஏற்றிக்கொண்டு வந்தது. அதிலிருந்து தெருக் குழாயடியில் ஒரே பேச்சு: "மலையில பொறந்தவளுக்குக் கடல்ல என்ன பட்டம் வேண்டிக்கெடக்கு?" வேண்டித்தான் கிடக்கிறது, உங்களுக்கென்ன?

இந்தப் போட்டியில் ஜெயிக்கும் பெண்ணை நாட்டுக்காக விளையாட அனுப்புவார்கள். இருபத்து நான்கு வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு அடுத்த மாதம் இருபத்து நான்கு. இதை விட்டால் எனக்கு வேறு போட்டி இல்லை.

இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் பையைத் தூக்கினேன். அம்மா மாநகரசபைத் துப்புரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஏறியதும் வாகன நெரிசலில் நின்றுவிட்டது. கீழே மகாவலி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்தக் கதைதான். அப்போது போன் அடித்தது.

"பாலம் தாண்டிட்டியா?" அம்மாவின் குரலுக்குப் பின்னால் கோயில் மணி கேட்டது.

"பாலத்துலதான் நிக்குது."

"அப்ப இப்பவே கயித்தை அறுத்துரு. கட்டுன கையோட தாண்டாத."

"அறுத்தா குத்தம் இல்லையா?"

"குத்தந்தான். அது என் குத்தம்னு அம்மன்கிட்ட சொல்லிட்டேன். என்ன செய்யுறதா இருந்தாலும் எனக்குச் செய்யட்டும்."

"ஐயோ அம்மா, ஏம்மா இப்படிச் சொல்றீங்க?"

"காத்து நின்டுருச்சுன்னா பட்டத்தை மட்டும் கைய விட்டுறாதடி. போன தடவை அதானே ஒன்னய மெதக்க வச்சுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கயிற்றைப் பல்லால் கடித்தேன். நடுக்கடலில் மிதந்த அந்த இரண்டு மணி நேரமும் எனக்குப் பயம் வரவில்லை. இப்போது வந்தது. மூன்று முடிச்சையும் பூசாரி இறுக்கித்தான் போட்டிருந்தார். கடைசியில் அறுந்தது. நாக்கெல்லாம் மஞ்சள் கசந்தது. கயிற்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதேன்.

"இறங்கணுமா?" என்று கண்டக்டர் தெரிந்த தமிழில் கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினேன். பஸ் பாலத்தைத் தாண்டியது.