கூட இருந்தவள்

இறந்துபோனவரின் மூக்கில் ஆக்சிஜன் குழாயை மறுபடி பொருத்துவது அவ்வளவு எளிதாக இல்லை. இரண்டு சிறு முனைகளும் மூக்கில் சரியாக உட்கார வேண்டும். குழாயை இரண்டு காதுக்கும் பின்னால் கொண்டுபோய்த் தாடைக்குக் கீழே இறுக்க வேண்டும். எட்டு மாதமாகத் தினமும் செய்த வேலைதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பழகிய கை, நூலளவு பிசகாத கை. இன்றைக்கு அது இரண்டு தடவை பிசகியது.

குழாய் நின்றதும் குனிந்து ஆக்சிஜன் மிஷினின் சுவிட்சைப் போட்டாள். அது பழையபடி உறுமத் தொடங்கியது. மருந்துக் கடைப் பை இன்னும் அவள் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போய் வர அரைமணி நேரம்தான் ஆகியிருக்கும். கணவன் பணிமனையில் இருந்தான். சின்னவன் பேச்சுப் பயிற்சிக்குப் போயிருந்தான். சனிக்கிழமை என்பதால் மகள் வீட்டில் இருந்தாள். வேறு வழியில்லாமல் அவளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எதையும் தொடாதே, எழுந்து போகாதே, இதோ வந்துவிடுகிறேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். திரும்பி வந்தபோது மிஷின் அணைந்திருந்தது. குழாய் கட்டில் கம்பியில் தொங்கியது. பெரியப்பா கண்ணை மூடிக் கிடந்தார். நாற்காலி காலியாக இருந்தது.

பெரியப்பா அவள் கணவனின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, நுரையீரல் கெட்டுப்போய் அவர்கள் வீட்டுப் பின்னறையில் படுத்தவர். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டில் எல்லோருக்குமே அவர் பெரியப்பா ஆகிவிட்டார்.

மகளுக்கு மோட்டார் என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளையும் அவள் தம்பியையும் இல்லத்திலிருந்து தத்தெடுத்து வந்த அன்று, அரை மணி நேரத்தில் அவள் வீட்டின் எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்துவிட்டாள், எல்லா சுவிட்சுகளையும் தட்டிவிட்டாள். "ஒண்ணு கேக்கப் போய் ரெண்டு கூட்டிட்டு வந்திருக்கீங்க. அதுல ஒண்ணுக்கு பிரேக்கே வைக்கல" என்றார் பெரியப்பா. கவனக்குறைபாடு, ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான். சின்னவனுக்கு ஒன்பது வயதாகியும் பேச்சு முழுதாக வரவில்லை. அக்காவுக்கோ வாய் மூடுவதே இல்லை. இருவருக்குமாகச் சேர்த்து ஒருத்தி பேசுகிறாள் என்று அம்மா கடையில் சொல்லிச் சிரிப்பாள்.

எல்லா நாளும் சிரிக்க முடிந்ததில்லை. மோட்டார் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறந்ததில் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கியது. வகுப்பின் மீன் தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவியதில் மீன்கள் செத்து மிதந்தன. போன மாதம் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, அதன் சத்தம் எப்படி அடங்குகிறது என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஆக்சிஜன் மிஷினையும் இரண்டு தடவை அணைத்திருக்கிறாள். இரண்டு தடவையும் பெரியப்பா கட்டிலைத் தட்டி ரகளை செய்தார். ஒவ்வொன்றுக்கும் அம்மாதான் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். டீச்சரிடம், கீழ்வீட்டில், பேருந்தில், பல் டாக்டரிடம். யாராவது கூப்பிட்டாலே, என்ன ஏது என்று கேட்கும் முன்னால், மன்னிச்சுக்கோங்க என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

இதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

மோட்டார் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் தடதடவென்று ஆடின. அம்மா லிஃப்டில் வந்ததைப் பார்க்காமல் கீழ்ப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள், "அம்மா, பெரியப்பா..." என்று தொடங்கினாள்.

அவள் மகளின் வாயைப் பொத்தினாள்.

"தெரியும். நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஒரு வார்த்தைகூட. அம்மா பாத்துக்கறேன். புரியுதா?"

மோட்டாரின் கண்கள் பெரிதாயின. பிறகு தலையாட்டினாள்.

கணவனுக்குச் சொல்ல அவள் போனை எடுப்பதற்குள் அவனே வாசலில் மூச்சிரைக்க நின்றான். எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தான் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "விடுதலைதான் அண்ணனுக்கு" என்று முணுமுணுத்தான். டாக்டர் வந்தார். மார்பில் கருவியை வைத்துப் பார்த்தார். இரண்டு நாளோ மூன்று நாளோ என்று முன்பே சொல்லியிருந்தவர்தான். அவரே மிஷினை அணைத்தார், குழாயைக் கழற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. அவள் மட்டும் அவர் சான்றிதழ் எழுதி முடிக்கிறவரை பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நாத்தனார் வந்ததும் அழுதாள். பெரியப்பாவுக்கு நேர் இளையவள், வார்த்தையை அளந்து பேசத் தெரியாதவள். அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டாள்.

"நான்தான் அண்ணி இருந்தேன்."

"நல்லவேளை. அந்தப் பொண்ண நம்பி விட்டுட்டு எங்கயாவது போயிருப்பியோன்னு வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன்."

ஜன்னலோரம் நின்றிருந்த மோட்டார் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியாமல் அவள் சமையலறைக்குப் போய்த் தேநீர்க் கோப்பைகளை எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். சொன்னால் போலீஸ் வருமா? வராவிட்டாலும் இந்தக் குடும்பம் மறக்குமா? பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு எப்படி வளரும்? தெரியாமல்தான் செய்திருப்பாள், தெரியாமல்தான். ஆனால் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

மகள் அன்று பேசவே இல்லை. யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அமைதியாக இருப்பதை எல்லோரும் மெச்சினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அம்மாவுக்கு முள்ளாகக் குத்தியது.

நாலு மணிக்கு மின்மயானத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். வேனில் சின்னவன் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, பெரியப்பா எங்கே, பெரியப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தான். பெரியப்பா செத்துட்டாரு கண்ணா என்று அப்பாவும் ஒவ்வொரு தடவையும் அதே குரலில் பதில் சொன்னான். மயானத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. முன்னால் ஒரு குடும்பம் முடித்துக்கொண்டு கிளம்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் அவர்கள் கட்டடத்தில் முதல் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் வந்தாள். ஆஸ்பத்திரி உடையிலேயே, டியூட்டியில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தாள். நேராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. காலையில உங்களப் பாக்கவே முடியல."

மன்னிப்பை யாராவது தன்னிடம் கேட்பது பழக்கமில்லாததால் அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை.

நர்ஸ் சொன்னாள். காலையில் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கதவு இடிபட்டது. மோட்டார் நின்றிருந்தாள். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் நாலாவது மாடியிலிருந்து படியிலேயே ஓடி வந்திருந்தாள். இருவரும் மேலே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நாடி பார்த்தாள், மார்பில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு தானே குழாயைக் கழற்றி, மிஷினை அணைத்து, கண்களை மூடிவிட்டாள். மோட்டாரின் அப்பாவுக்குப் போன் செய்தாள். அம்மாவின் போன் வீட்டிலேயே அடித்தது. இந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்கிற பொறுப்பு ஒரு குழந்தைக்கு வரக் கூடாதே என்று மருந்துக் கடைக்குத் தானே நடந்தாள். அங்கே போனால், இப்போதுதான் பின்தெரு வழியாகக் கிளம்பினார்கள் என்றார்கள். திரும்புவதற்குள் வீட்டில் அப்பா வந்துவிட்டார், டியூட்டிக்கு ஏற்றிப்போக வந்த ஆஸ்பத்திரி வண்டி கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்களா கழட்டினீங்க?" என்று அவள் கேட்டாள். குரல் எங்கிருந்தோ வந்தது போலிருந்தது.

"நான்தான்க்கா. ஏன்?"

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. காலையிலிருந்து இப்போதுதான் ஒழுங்காக மூச்சு விடுகிறோம் என்று தெரிந்தது. இறந்தவரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு நிம்மதி வரலாமா என்று தோன்றியது. வந்தது. தடுக்க முடியவில்லை.

"ஆனா உங்க பொண்ண சொல்லணும்க்கா" என்றாள் நர்ஸ். "மூச்ச எண்ணிட்டே இருந்திருக்கா. நிமிஷத்துக்கு எட்டு இருந்துச்சு, அப்புறம் அஞ்சு, அப்புறம் ரெண்டு, அதுக்கப்புறம் வரலன்னு சொன்னா. எங்க வார்டுல புதுசா வர்ற பிள்ளைங்ககூட இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டாங்க."

அப்போதுதான் அடுத்தது உறைத்தது. நாலு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்று பெயரெடுத்தவள், ஒரு மனிதரின் கடைசி மூச்சுவரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறாள். அதைச் சொல்ல வந்தவளின் வாயைப் பொத்தி, நான்தான் இருந்தேன் என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னது அம்மாதான்.

சுவர் ஓரமாக நின்ற மோட்டாரிடம் போனாள்.

"நான் லேட்டா போயிட்டேனாம்மா?" என்று மகள் கிசுகிசுத்தாள். ஆறு மணி நேரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தைகள். "அதான் சொல்ல வேணாம்னு சொன்னியா? ரெண்டு ஆனப்பவே ஓடியிருக்கணும். ஆனா தனியா விட்டுட்டுப் போகாதேன்னு நீ சொன்னே. பெரியப்பா கைய வேற பிடிச்சிட்டு இருந்தாரு."

"லேட் இல்ல. நீ சரியாத்தான் செஞ்ச. அம்மாதான் தப்பு பண்ணிட்டேன்."

என்ன தப்பு என்று மோட்டார் கேட்கவில்லை. காலையில் படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு, உள்ளே மிஷின் மறுபடி உறுமியது கேட்டிருக்கும். கேட்காமல் இருந்திருக்காது. அவள் காதுக்குத் தப்புகிற சத்தம் எதுவும் இல்லை.

மகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நாற்காலி வரிசைக்கு வந்தாள். நாத்தனாரும் கணவனும் உறவினர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணி, நான் பொய் சொல்லிட்டேன். கடைசியில நான் கூட இல்ல. மருந்து வாங்கப் போயிருந்தேன். இவதான் இருந்தா."

கணவன் நிமிர்ந்து பார்த்தான். நாத்தனார் வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறதோ என்று அவள் மகளின் தோளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆனால் நாத்தனாரின் முகம் கோணியது. கோபம் இல்லை, அழுகை.

"அண்ணன் கஷ்டப்பட்டாராடி?" என்று மோட்டாரிடம் கேட்டாள்.

மோட்டார் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள்.

"இல்ல அத்தை. முதல்ல கொஞ்சம் கர்ருனு சத்தம் வந்துச்சு. நான் பேசிட்டே இருந்தேன். எதையோ பேசினேன், லிஃப்ட்ல எத்தனை பல்சக்கரம் இருக்கும், எங்க கிளாஸ்ல யாரு புதுசா வந்திருக்கா, எல்லாம். நிறுத்தினேன். நிறுத்தினதும் கண்ணத் திறந்து, மோட்டார் ஏன் ஓடலன்னு கேட்டாரு. அதனால மறுபடி பேசினேன். பேசிட்டே எண்ணினேன். விரல மடக்கி மடக்கி எண்ணினேன்..."

நாத்தனார் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். மோட்டார் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஜன்னல் புறாவைப் பற்றியும் நர்ஸின் கதவில் மணி வேலை செய்யாததைப் பற்றியும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். யாரும் அவளை விஷயத்துக்கு வா என்று சொல்லவில்லை. உள்ளே கூப்பிடும்வரை கேட்டார்கள்.

திரும்பி வரும்போதும் வேனில் அவள் பேச்சு நிற்கவில்லை. சின்னவன் கேட்பதை விட்டுவிட்டு அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணவன் பின்னாலிருந்து கை நீட்டி மனைவியின் தோளை ஒரு தடவை அழுத்தினான். பாதி வழியில், ஒரு வாக்கியத்தின் நடுவில், மோட்டார் தூங்கிப்போனாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். மகளின் தலை அவள் தொடையில் கனத்தது. கால் மரத்துப்போய் வெகுநேரமாகியிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். கொஞ்சம் பொறுங்க என்று அவள் கையைக் காட்டினாள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.